108 வாசல்ல நிக்குது, நோயாளி ஏற மாட்டேங்கறார்: என்ன செய்யலாம்?

மலையடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் 108 ஆம்புலன்ஸ்ல ஈஎம்டியா (வண்டியில நோயாளியைப் பாத்துக்கற அவசர மருத்துவ உதவியாளர்) இருக்கேன். இங்க நர்ஸ், டாக்டர், வக்கீல்னு பலரும் இருக்கறதால கேக்கறேன். ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்தை மாத்தியிருக்கேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு கால். ஐம்பதைத் தாண்டின பட்டு விவசாயி. நெஞ்சுல பாரம், இடது தோள் வரைக்கும் வலி, பனியன் பிழியற அளவுக்கு வேர்வை. போன் பண்ணது மகன். நாங்க போறப்ப அவர் திண்ணையில உக்காந்து சோடா குடிச்சுக்கிட்டு இருந்தார். "வாயுப்பா இது. களி தின்ன கையோட படுத்துட்டேன். நீங்க வண்டியைத் திருப்புங்க"ன்னார். ஆக்சிஜன் அளவு சரியா இருந்தது. அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் தைரியம் வந்துருச்சு. ஹார்ட் அட்டாக்கா இருக்கலாம்னு சொன்னேன், கோவம்தான் வந்தது. மகன் அழுதான், அதுக்கும் அசையல.

கொஞ்ச நேரம் பேச்சை விட்டுட்டு, பக்கத்துல உக்காந்து, "விடிஞ்சா என்ன வேலைங்கய்யா?"ன்னு கேட்டேன். கொட்டகையைக் காட்டினார். புழு கடைசிப் பருவத்துல இருக்கு. இந்தச் சமயத்துல தழை ஒரு வேளை தப்பினாலும் கூடு சிறுத்துப் போயிடும், மார்க்கெட்ல எடுபடாது. சம்சாரம் பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிருக்காங்க. மகனுக்கு மல்பெரி அறுக்கத் தெரியாது. இவ்வளவுதான் விஷயம். வாயு, களி எல்லாம் எங்களை அனுப்பறதுக்குச் சொன்னது. அடுத்த வீட்டு அண்ணி வந்து, "நாலு மணிக்கு நான் தழை போடறேன், நீ போய்யா"ன்னதும் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டார்.

அன்னைக்கு அண்ணி இருந்தாங்க. யாரும் இல்லாத வீட்டுல என்ன பண்றது? எவ்வளவு நேரம் பேசலாம்? எங்க ஆளுங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு. "கையெழுத்து வாங்கிட்டு வந்துடு"ங்கறவங்க ஒரு பக்கம். "நாலு பேரா தூக்கி வண்டியில போடு, அப்பறம் பாத்துக்கலாம்"ங்கறவங்க இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டும் ஒப்பல.

ஒசூர்_ரோடு

நான் கையெழுத்துக் கட்சி. கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரு வாசல்ல முக்கால் மணி நேரம் உக்காந்து பேசினா, அந்த நேரத்துல தொப்பூர் கணவாயில அடிபட்டுக் கிடக்கறவனுக்கு வேற ஊர் வண்டி வரணும். புத்தி தெளிவா இருக்கற ஆள் வேண்டாம்னா வேண்டாம்தான். அவர் உயிர், அவர் முடிவு. எழுதி வாங்கிட்டு அடுத்த காலுக்குப் போகணும்.

சிஸ்டர்_ஓய்வு

தம்பி, வண்டி குறைவுங்கறது நிஜம், மறுக்கல. ஆனா அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு அந்த மனுஷருக்குப் படிச்சுக் காட்டினீங்களா? "எனக்கு எல்லாம் விளங்கச் சொன்னார்கள், இருந்தும் வர மறுக்கிறேன்"னு அதுல இருக்கும். விளங்கச் சொல்லாம வாங்கற கையெழுத்து வெறும் மை.

தர்மபுரி, பாலக்கோடு பக்கம்தான் என் சர்வீஸ் முழுக்க. வரமாட்டேன்னவங்க நிறைய பேரைப் பாத்துட்டேன். வைத்தியமே வேண்டாம்னு சொன்னவங்க அதுல கொஞ்சம் பேர்தான். மத்தவங்களுக்கெல்லாம் பின்னாடி வேற ஒண்ணு இருக்கும். கறவை மாடு ரெண்டு இருக்கு, காலையில யார் கறப்பாங்க. வயசுப் பொண்ணைத் தனியா விட்டுட்டு வரமுடியாது. வீட்டுக்காரர் வேலைக்கு வெளியூர் போயிருக்கார், அவரைக் கேக்காம வரக்கூடாது. ஜிஎச் போனா சேலத்துக்கு எழுதிடுவாங்க, 60 கிலோமீட்டருக்கு மேல போய் யார் கூட இருப்பாங்க. கையில நூறு ரூபாகூட இல்ல. 108-க்குக் காசு கிடையாதுன்னு இன்னைக்கும் தெரியாத குடும்பம் இருக்கு. வண்டி ஓடத் தொடங்கினது 2008-ல, ஆனாலும் "டீசலுக்கு எவ்வளவு தரணும்?"னு கேக்கறாங்க.

அதனால "ஏன் வரமாட்டேங்கறீங்க?"ன்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா வாதம்தான் வளரும். "நீங்க வந்துட்டா இங்க எது நின்னு போகும்?"னு கேளுங்க. பத்து நிமிஷத்துல உண்மை வெளிய வந்துரும். இன்னொண்ணு, வாசல்ல கூடியிருக்கற கூட்டத்தைக் கலைச்சு விடுங்க. பத்துப் பேர் பாக்க "மாட்டேன்"னு சொன்ன ஆம்பளை, அதே பத்துப் பேர் முன்னாடி இறங்கி வரமாட்டார்.

கோர்ட்_வாசல்

கிருஷ்ணகிரியில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வயது வந்த, சுயநினைவுள்ள, விஷயம் புரிகிற ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தூக்கி வண்டியில் போட முடியாது. போகவிடாமல் தடுப்பதும் அடைத்து வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127ஆம் பிரிவுகளில் வரும் குற்றங்கள். நல்ல எண்ணம் இருந்தாலும் "தூக்கிப் போடு" என்பது ஆபத்தான யோசனை.

மறுபக்கமும் உண்டு. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92) சம்மதம் சொல்லக்கூடிய நிலையில் ஒருவர் இல்லை, சம்மதம் தரக்கூடிய பாதுகாவலரையும் உரிய நேரத்தில் கேட்க முடியவில்லை என்றால், அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்வதைக் குற்றமாக்காது. மயங்கிக் கிடப்பவரைத் தூக்கிப் போக யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 28ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். போதையிலோ சித்தம் கலங்கியோ, எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே புரியாமல் தரும் சம்மதம் சம்மதமே அல்ல. அந்த நிலையில் வரும் மறுப்பையும் அதே சந்தேகத்தோடு பார்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

சிஸ்டர் சொன்ன "வீட்டுக்காரரைக் கேக்கணும்" விஷயத்துக்கு வருகிறேன். மனைவி வயது வந்தவர், நினைவோடு இருக்கிறார் என்றால் அவர் சம்மதம் போதும். கணவர், மாமியார், அண்ணன் யாருடைய அனுமதியும் சட்டப்படி தேவையில்லை. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றினார்கள். உடனடி உயிராபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரம், போனில் இருக்கும் கணவருக்கு எங்கிருந்து வரும்?

பிஎச்சி_டாக்டர்

வக்கீல் சார் சொன்ன "புரிகிற நிலை" என்பதில்தான் எங்கள் வேலையே இருக்கிறது. பெயர், ஊர், கிழமை சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் மட்டும் முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். நான் சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்வேன். "இப்ப வரலைன்னா என்ன ஆகும்னு சொன்னேன்?" என்று கேட்டால், "செத்துக்கூடப் போகலாம்னு சொன்னீங்க. தெரியும், ஆனாலும் வரலை" என்று ஒருவர் சொல்கிறார். அது மறுப்பு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, விடுங்க" என்கிறார் இன்னொருவர். அவர் காதில் இன்னும் விஷயம் ஏறவில்லை. அவரிடம் மறுபடி பேச வேண்டும்.

பேசுவதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள். முரட்டுத்தனமாகக் கத்துகிறவர், அடிக்க வருகிறவர், உளறுகிறவர் என்றால் முதலில் குளுக்கோமீட்டர். "குடிச்சிருக்கார்" என்று வீட்டிலேயே சொன்னாலும் பாருங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகப் போக மனிதரின் சுபாவமே மாறும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரை இறங்கி மயங்கியவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றினால் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து பேசுவார். "சரியாப் போச்சு, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்பார். வீட்டிலும் அதையே சொல்வார்கள். அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்சுலினா, மாத்திரையா? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் பல மணி நேரம் உடம்பில் வேலை செய்துகொண்டே இருக்கும். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் இன்னும் நீளும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும், எல்லாரும் தூங்கும் நேரத்தில், சர்க்கரை மறுபடி இறங்கும். இவர்களை நான் லேசில் விடமாட்டேன். எவ்வளவு சொல்லியும் வரவே மாட்டேன் என்றால், கண் முன்னால் வயிறாரச் சாப்பிட வைத்து, அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தச் சொல்லி, இரவு முழுக்க எழுப்பிப் பார்க்க ஓர் ஆளைக் காட்டச் சொல்வேன்.

நெஞ்சுவலிக்கு வருவோம். "பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், நம்ம ஊர் பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) வரைக்கும் வாங்க, ஒரு ஈசிஜி எடுத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொன்னால் பலர் வருவார்கள். 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் பிஎச்சியிலேயே முதல் டோஸ் தருகிறோம்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை. அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் 12 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதிலும் முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது. முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலே தப்பித்தோம் என்று எழுந்து போய்விடக் கூடாது, சில நேரம் மாற்றம் தாமதமாகத்தான் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சு வாங்குவதும் மட்டும் வரலாம்.

மாந்தோப்பு

எங்க அப்பாவைப் பத்திச் சொல்லணும். காவேரிப்பட்டணம் பக்கம். போன வருஷம் கை ஒரு பக்கம் தூக்க முடியாம, வாய் கோணிப் போச்சு. 108 வந்தது. அப்பா தலையை ஆட்டி, நல்லா இருந்த கையால கட்டிலைப் பிடிச்சுக்கிட்டார். அந்தப் பிடியை எங்க யாராலயும் விடுவிக்க முடியல.

காரணம் எங்களுக்குத் தெரியும். அதுக்கு முந்தின வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில அவரைச் சேர்த்திருந்தோம். பேர் வேண்டாம். வேட்டி நனைஞ்சு போச்சுன்னு ஒருத்தர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். பேரன் வயசு இருக்கும். அப்பா ஊர்ப் பஞ்சாயத்துல பேசின மனுஷர். அன்னைக்கே முடிவு பண்ணிட்டார், இனி செத்தாலும் வீட்டுலதான்னு.

வந்த ஈஎம்டி அக்கா அவரை அதட்டல. ஒரு சுத்தமான வேட்டியை எடுத்துக்கிட்டு, "ஐயா, மாத்து வேட்டி என் கையில இருக்கு. வழியில என்ன ஆனாலும் நான்தான் பாப்பேன், வேற யாரும் பாக்க மாட்டாங்க"ன்னாங்க. அப்பா கட்டிலை விட்டார். இன்னைக்குத் தடி ஊணி மாந்தோப்புக்குப் போயிட்டு வர்றார். நோயாளி மறுக்கறார்னு எழுதறவங்க, அவர் முன்னாடி எங்க எப்படி அவமானப்பட்டார்னும் ஒரு வரி கேட்டுக்கணும்.

அரூர்க்காரன்

இந்த இழையில பாம்புக்கடி வராம முடியக்கூடாது. சித்தேரி மலை அடிவாரத்துல இருக்கேன். கடிச்சா முதல்ல வைத்தியர் வீடு, வேர் அரைச்சுக் கொடுப்பார், மந்திரிப்பார். பொழைச்சவங்களும் இருக்காங்க. அதனாலதான் ஜனங்க நம்பறாங்க. விஷமில்லாத பாம்பும் கடிக்கும், விஷப்பாம்பே கடிச்சாலும் சில சமயம் விஷம் இறங்காது. அந்த ஆளுங்க வேர் குடிக்காமலே பொழைச்சிருப்பாங்க. இதை வைத்தியரைத் திட்டிச் சொன்னா ஊரே எதிர்த்து நிக்கும்.

எங்க ஊர்ல நடக்கற வழி இது: வைத்தியரையும் வண்டியில ஏத்திக்கறது. "நீங்க மந்திரிக்கறதை மந்திரிச்சுக்கிட்டே வாங்க, வண்டியும் போகட்டும்"னு சொல்லிடுவோம். அவருக்கும் மரியாதை, நோயாளிக்கும் தெம்பு, நேரமும் மிச்சம்.

கட்டுவிரியன்தான் ரொம்ப மோசம். ராத்திரி தரையில படுத்திருக்கறவங்களைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்லுப் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியக்காலையில வயித்துவலின்னு எந்திரிப்பாங்க. "ஒண்ணும் கடிக்கல, வயித்துவலிக்கு எதுக்கு 108?"னு கேப்பாங்க. கண் இமை இறங்கிக்கிட்டே வருதான்னு பாருங்க. இறங்கினா பேச்சே கிடையாது, தூக்குங்க.

பிஎச்சி_டாக்டர்

அரூர்க்காரன் சொன்னது அத்தனையும் சரி. கட்டுவிரியன் இல்லாமல், கண்ணாடி விரியன் போன்றவை கடித்திருந்தால் ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். வர மறுப்பவரிடம், "ஊசி போடறேன்னு சொல்லலை, 20 நிமிஷம் ரத்தம் மட்டும் பாக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். உறையவில்லை என்றால் அந்தக் குழாயை அவரிடமே காட்டலாம். அதற்கு மேல் யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை. உறைந்தாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

அஞ்செட்டி_மலை

எங்க பக்கம் மறுக்கறதுக்கு வேற காரணமும் உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக் கிராமத்துல வயசானவங்களுக்குக் கன்னடமோ தெலுங்கோதான் சரளமா வரும். கீழ இருந்து வர்றவங்க தமிழ்ல வேகமாப் பேசினா, புரியாத பயத்துல "பேடா" (வேண்டாம்)ன்னுடுவாங்க. அதை மறுப்புன்னு எழுதிட்டுப் போனா அநியாயம். வீட்டுல பள்ளிக்கூடம் போற பேத்தி இருந்தா அவளைப் பக்கத்துல நிறுத்திக்கோங்க.

ரோடு இல்லாத ஊர்ல தூளி கட்டித் தூக்கிட்டு வரணும். பிரசவ வலியில இருக்கற பொண்ணு, நாலு ஆம்பளைங்க தூக்க, ராத்திரி காட்டு வழியில யானைக்குப் பயந்து இறங்கறதை நினைச்சாலே வேண்டாம்னுதான் சொல்லுவா. அவ சொல்றதுல தப்பென்ன இருக்கு? தேதி நெருங்கறப்பவே கீழ கொண்டு வந்து தங்க வைக்கறதுதான் அதுக்கு வழி. அதை விட்டுட்டு அன்னைக்கு ராத்திரி அவளோட மல்லுக்கட்டக் கூடாது.

ஒசூர்_ரோடு

படிச்சுக்கிட்டேதான் இருக்கேன். சர்க்கரை விஷயம் எனக்கும் உறைக்குது. தலைக்காயமும் அதே மாதிரிதான். ஹைவேல நான் பாக்கறது இது: பைக்ல இருந்து விழுந்த பையன், ஹெல்மெட் இல்ல, எந்திரிச்சு நின்னு மண்ணைத் தட்டிக்கிட்டு "ஒண்ணுமில்லண்ணா, வீட்டுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க"ங்கறான். லாரி டிரைவர்னா லோடை விட்டுட்டு வரமாட்டார். பாதிப் பேர் வட நாட்டுக்காரங்க, லோடு காணாம போனா அவங்க சம்பளத்துல பிடிப்பாங்க. ரோந்து போலீஸைக் கூப்பிட்டு, வண்டி நம்பரைக் குறிச்சு, சாவியை அவங்ககிட்ட கொடுக்கறதை டிரைவர் கண்ணால பாத்தப்பறம்தான் ஏறுவார். அதுக்கு ஆகற நேரத்தை வீண்னு சொல்லமாட்டேன்.

ஆனா வண்டி குறைவுங்கறதுல நான் மாறல.

பிஎச்சி_டாக்டர்

மாற வேண்டாம், அதுவும் நிஜம்தான். அந்தப் பைக் பையனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மண்டைக்குள் ரத்தம் கசியும்போது சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, பிறகு திடீரென்று சரிகிறவர்கள் உண்டு. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கூப்பிட வேண்டும் என்று, அவனிடம் மட்டும் சொல்லாமல், கூட இருக்கும் நண்பனின் போனை வாங்கி அவன் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். செலவுக்குப் பயந்தால் நம்மைக் காக்கும் 48 திட்டத்தைச் சொல்லுங்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம்.

பேர்_வேண்டாம்

கேக்கறதுக்குக் கஷ்டமா இருக்கு. எங்க வீட்டுல ஒருத்தங்க பூச்சிமருந்து குடிச்சுட்டாங்க. வாந்தி எடுத்ததும் தெளிஞ்சுட்டாங்க. "போலீஸ் கேஸ் ஆயிடும், குடும்ப மானம் போயிடும்"னு வரவே மாட்டேன்னாங்க. கடைசியில கூட்டிட்டுப் போனோம், இப்ப நல்லா இருக்காங்க. இந்த மாதிரி நேரத்துல சட்டம் என்ன சொல்லுது?

கோர்ட்_வாசல்

அழைத்துப் போனது மிகச் சரியான செயல். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே இடம்பெறவும் இல்லை. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், வந்து வாக்குமூலம் கேட்பார்கள். அது நடைமுறை. அதற்குப் பயந்து ஒருவரை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

சிஸ்டர்_ஓய்வு

கண்ணு, இன்னும் ஒண்ணு சேர்த்துக்கோ. விஷம் குடிச்சவங்க தெளிஞ்ச மாதிரி தெரியறதை நம்பவே கூடாது. முதல் நாள் நடமாடிட்டு, ரெண்டாம் மூணாம் நாள் ஈரல் கெட்டுப் போனவங்களைப் பாத்திருக்கேன். இப்ப அவங்க வீட்டுல இருக்காங்கன்னா தனியா விடாதீங்க. மனசு விட்டுப் பேச 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், 104-லயும் பேசலாம். உன் மனசுக்கும் பாரமா இருந்தா நீயும் கூப்பிடு.

எல்லாரும் மறுக்கறவங்களை எப்படிச் சம்மதிக்க வைக்கறதுன்னே பேசறோம். சம்மதிக்க வைக்கக் கூடாத மறுப்பும் உண்டு. வாய்ப் புத்துநோய், கடைசிக் கட்டம், எண்பது வயசுப் பாட்டி. மூச்சு இழுத்ததும் பேரனுங்க பதறிப் போய் 108-ஐக் கூப்பிட்டுட்டாங்க. பாட்டி தெளிவாச் சொன்னாங்க, "என்னை இந்தக் கட்டில்லயே விடுங்க". அவங்களுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் புரியும். அவங்களை வண்டியில ஏத்தி ஆட்டிக்கிட்டுப் போறது வைத்தியமில்ல. அங்க வேண்டியது வலி தெரியாம இருக்க மருந்தும், வாய் நனைக்க ஆளும்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியிலதான் தொடங்கினாங்க. அதுல இந்த மாதிரி நோயாளிகளை வீட்டுக்கே வந்து பாக்கற நர்ஸ் உண்டு. பிஎச்சியில பேரைப் பதிஞ்சு வெச்சா வருவாங்க.

மலையடிவாரம்

எல்லாருக்கும் நன்றி. என் பழக்கத்துல மாத்திக்கப் போறதைச் சொல்லிடறேன், மத்த ஈஎம்டிங்களும் சேருங்க. மறுக்கறார்னா அங்கிருந்தே இஆர்சிபி டாக்டருக்கு (108 கட்டுப்பாட்டு அறையில இருந்து எங்களுக்கு ஆலோசனை சொல்றவர்) போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டுருவேன். நாங்க சொல்லி அசையாதவர் டாக்டர் குரலுக்கு அசையறது உண்டு, பதிவும் ஆகும். பிசிஆர்ல (நோயாளியைப் பத்தி நாங்க எழுதற பதிவுத் தாள்) "மறுத்தார்"னு ஒத்தை வார்த்தை எழுதாம, என்ன சொன்னேன், அவர் வாயால என்ன திருப்பிச் சொன்னார், ஏன் வரலைன்னார், சர்க்கரை எவ்வளவு, யார் கூட இருக்காங்கன்னு எழுதுவேன். கைநாட்டுன்னா படிச்சுக் காட்டி, வீட்டு ஆள் இல்லாத இன்னொருத்தரைச் சாட்சி வெச்சுக்குவேன். ஒசூர்_ரோடு சொன்ன நேரக் கணக்குக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. ஆனா நெஞ்சுவலி, பக்கவாதம், விஷம், பிரசவத்துல ரத்தப்போக்கு இந்த நாலுலயும் அடுத்த கால் வர்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்.

மாந்தோப்பு

ஒரு சந்தேகம். ஒரு தடவை வேண்டாம்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வலி கூடிப் போச்சுன்னா, மறுபடி கூப்பிட்டா வருவீங்களா? பலர் வெக்கப்பட்டுக்கிட்டே கூப்பிடறதில்ல.

மலையடிவாரம்

கட்டாயம் வருவோம். கையெழுத்து அந்த நேரத்துக்கு மட்டும்தான். எத்தனை தடவை வேண்டாம்னிருந்தாலும் 108-க்குத் திரும்பப் போடலாம், யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க. கூப்பிடறப்ப "ஏற்கெனவே வந்துட்டுப் போனாங்க"ன்னு சேர்த்துச் சொல்லுங்க, வழி கேக்கற நேரம் மிச்சமாகும். ராத்திரின்னா வாசல் விளக்கைப் போட்டு வையுங்க, ரோட்டு முனைக்கு ஒரு ஆளை டார்ச்சோட அனுப்புங்க. சாப்பிடற மாத்திரை அட்டையும் பழைய சீட்டும் ஒரு பையில இருக்கட்டும்.